விற்றுவிட்ட இறுவட்டு

மொன்றியலில் மெற்றல் கேட்கிற என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும், கோர்கட்ஸ் குழுவின் 'ஒப்ஸ்கூரா' வந்த வாரமே வாங்கியதாகவும் முதல் பாட்டிலேயே விழுந்துபோனதாகவும் சொல்வார்கள். அவர்கள் எல்லோரும் உண்மை சொல்வதென்றால் 1998இல் அந்த இறுவட்டு சுடச்சுட வடை போனமாதிரிப் போயிருக்க வேண்டும். நான் பார்த்த கடைகளில் அது தட்டிலேயேதான் கிடந்தது. நானும் அந்தக் கோடையில்தான் வாங்கினேன். எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு, மோன் றொயால் தெருவில் ஒரு பழைய இறுவட்டுக் கடையில் நாலு டொலருக்கு விற்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

1988இல் எங்கள் ஊரான அளவெட்டியிலிருந்து மொன்றியலுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பார்க் எக்ஸ்ரென்சனில் இரண்டு அறை வீடு; ஒரு அறையில் நாங்கள், மற்றதில் இரண்டு மாமாமார். அப்பாவுக்கு டவுன்ரவுனில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை. கியூபெக்கின் மொழிச் சட்டப்படி எங்களைப்போல வந்த பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் ரொறன்ரோவில் இருந்த என் மச்சான்மார் ஆங்கிலத்தில் ராப் கேட்டு வளர, நான் நீளமுடிப் பிரெஞ்சுப் பெடியளோடு சேர்ந்து டெத் மெற்றல் கேட்டு வளர்ந்தேன். எல்லாம் அந்தச் சட்டம் செய்த வேலை என்று அம்மாவிடம் சொன்னால் அவ நம்பமாட்டா.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவன் வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு நெட்டையன். அவனுடைய குடும்பம் ஷேர்புறூக் பக்கம். மொன்றியலுக்குக் கிழக்கே நூற்றைம்பது கிலோமீற்றர் தள்ளி உள்ள அந்த ஊரில்தான் 1989இல் கோர்கட்ஸ் தொடங்கியது. தன் ஊர்ப் பெடியள் அமெரிக்காவுக்குப் போய் இசைத்தட்டுப் போட்டுவிட்டார்கள் என்று நெட்டையனுக்குப் பெரிய பெருமை. உண்மையில் போனார்கள்தான். முதல் அல்பமான 'கன்சிடர்ட் டெட்' 1991இல் புளோரிடாவின் மோரிசவுண்ட் ஸ்டூடியோவில், ஸ்கொட் பேர்ன்ஸின் கையால் ஒலிப்பதிவானது. அந்தக் காலத்து டெத் மெற்றலுக்கு அது மூலஸ்தானம். வெளியிட்டது ரோட்றன்னர் என்ற பெரிய நிறுவனம். 1993இல் இரண்டாவது அல்பம். நெட்டையன் இரண்டையும் எனக்குக் கசெற்றில் பதிந்து தந்தான். இரண்டும் எனக்கு உயிர்.

டெத் மெற்றல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிற்றாரின் சுருதியை இறக்கி, ஒலியைக் கரகரப்பாக்கி, ஒரே தந்தியை வலக்கையால் அதிவேகமாக மேலும் கீழும் மீட்டுவார்கள். அதற்கு டிரெமலோ என்று பெயர். ட்றம்ஸ் மழைபோலக் கொட்டும். பாடுகிறவர் அடித்தொண்டையால் உறுமுவார். இதில் 'டெக்னிக்கல்' என்று ஒரு கிளை. அங்கே நொடிக்கு எத்தனை சுரம், எத்தனை தாளமாற்றம், எவ்வளவு பிசிறில்லாத வாசிப்பு என்பதுதான் பேச்சு. வேகத்தை அளந்து கைதட்டுகிற சபை. நானும் அந்தச் சபையில்தான் இருந்தேன். நெட்டையன் அதன் முன்வரிசை.

இரண்டாவது அல்பத்துக்குப் பிறகு ரோட்றன்னர் ஒப்பந்தம் போய்விட்டது. டெத் மெற்றலின் சந்தையும் விழுந்துகொண்டிருந்த காலம். குழுவில் பழையவர்கள் கழன்று, பாடகரும் கிற்றார்காரருமான லூக் லெமே மட்டும் மிஞ்சினார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டாவது கிற்றாருக்கு ஸ்டீவ் ஹர்டல், பேஸ் கிற்றாருக்கு ஸ்டீவ் க்ளூத்தியே, ட்றம்ஸுக்கு ஸ்டீவ் மக்டொனால்ட். ஒரு குழுவில் மூன்று ஸ்டீவ். பயிற்சி அறையில் ஒருவரை எப்படிக் கூப்பிட்டார்களோ! வெளியிட ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. அந்த நிலைமையில் நாலு பெடியள் என்ன செய்திருக்க வேண்டும்? ஊர் கேட்கிற பாட்டைப் பாடியிருக்க வேண்டும், அல்லது கலைந்து போயிருக்க வேண்டும்.

அவர்கள் செய்தது வேறு. லெமே பிற்காலத்துப் பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். பாட்டு எழுத உட்கார்ந்தபோது தங்களுக்குத் தாங்களே தடை போட்டுக்கொண்டார்களாம். டிரெமலோ மீட்டல் கூடாது. முன்பு செய்த எதையும் திரும்பச் செய்யக் கூடாது. நாதஸ்வரக்காரர் ஒருவர் இனிமேல் துரிதகாலமே வாசிப்பதில்லை என்று சத்தியம் செய்த மாதிரி. கையைக் கட்டிக்கொண்டால் கிற்றாரில் மிச்சம் என்ன இருக்கிறது என்று தேட வேண்டியதுதான். ஹர்டல் அந்தத் தேடலுக்கென்றே பிறந்தவர்போல இருக்கிறது. தந்தியைத் தட்டுவது, தேய்ப்பது, அழுத்தாமல் தொட்டு எடுப்பது, இரண்டு கிற்றாரும் ஒன்றோடொன்று உரசுகிற சுரங்களில் நிற்பது. லெமே ஷொஸ்டகோவிச், பெண்டெரெட்ஸ்கி போன்றவர்களின் இசையில் ஊறியவர்; வயோலா வாசிப்பவர். 'ஒப்ஸ்கூரா'வின் இரண்டாவது பாட்டில் அந்த வயோலா வந்து போகும். மக்டொனால்ட் நடுவில் விலகிவிட, பத்ரிக் ரொபேர் ட்றம்ஸுக்கு வந்தார். இசைத்தட்டில் கேட்பது அவருடைய கை.

பதிவு நடந்தது எங்கள் நகரத்திலேயே, செந் ஹென்றியில், விக்டர் ஸ்டூடியோவில். பதிந்தவர் பியேர் ரெமியார். பழைய ஆர்சிஏ விக்டர் தொழிற்சாலைக் கட்டடம் அது. கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் கம்பனி ஒரு காலத்தில் அங்கேதான் இசைத்தட்டு அடித்தது. அப்பாவின் உணவகத்துக்கு அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் சாமான் வண்டி வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. செங்கல் சுவர், நிறைய யன்னல், அவ்வளவுதான்.

கடைசியில் 1998 ஜூனில் ஒலிம்பிக் என்ற சிறிய நிறுவனம் அதை வெளியிட்டது. இரண்டாவது அல்பம் வந்து ஐந்து வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அந்த வருடம் ஜனவரியில்தான் மொன்றியலில் உறைமழை கொட்டி, மின்கம்பங்கள் முறிந்து, லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் கிடந்தன. ஜனவரியில் ஒரு பேரிடர், ஜூனில் ஒரு பேரிடர் என்று நெட்டையன் பின்னாளில் சொல்லிச் சிரிப்பான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஷபனெல் தெருவில் உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டுகிற கோடைகால வேலை. மூன்று மணி நேரச் சம்பளத்தைக் கொடுத்து இறுவட்டை வாங்கி, 80ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, காதில் மாட்டினேன்.

முதல் நொடியே கிற்றார் கீச்சிட்டு நெளிந்தது. வழுக்கி விழுந்தது, எழும்பியது, திரும்ப வழுக்கியது. ட்றம்ஸ் வேகமாகத்தான் போகிறது, ஆனால் தலையாட்ட ஒரு பிடி கிடைக்கவில்லை. நான் தலையை ஆட்டத் தொடங்குவேன், பாட்டு வேறு பக்கம் போய்விடும். லெமேயின் பழைய அடித்தொண்டை உறுமல் இல்லை. யாரோ பல்லுப் பிடுங்குகிறபோது வைக்கிற ஓலம். பேஸ் கிற்றார் தன்பாட்டுக்கு வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பாட்டு, ஒரு மணி நேரம். ஒரு பாட்டுக்கு மட்டும் பிரெஞ்சில் தலைப்பு. நான் ஆறாவது பாட்டான 'க்ளவுடட்' வரை தாக்குப் பிடித்தேன். அது ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகிற, சேற்றில் கால் புதைந்தவன் நடக்கிற வேகத்துப் பாட்டு. டெத் மெற்றலில் மெதுவான பாட்டா! ஜோன் ரலோன் தெருவில் இறங்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காசுக்காகத்தான் கோபம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது மட்டுமில்லை. கசெற்றில் தேயத் தேயக் கேட்ட பெடியள், என்னிடம் கேட்காமல் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

வீட்டில் செற்றில் போட்டேன். அம்மா குசினியிலிருந்து கையில் அகப்பையோடு வந்தா.

"தம்பி, மெசின் பழுதாப் போச்சோ?"

"இல்லையம்மா, பாட்டு."

"பாட்டோ!" அவ சிரிக்கவில்லை. அகப்பையிலிருந்து சொட்டிய குழம்பு, கீழே விரித்துக் கிடந்த, இறுவட்டோடு வந்த பாட்டுப் புத்தகத்தின் ஒரு மூலையில் மஞ்சளாக ஊறியது. துடைக்கத் துடைக்கப் பரவியதுதான் மிச்சம்.

அன்று அப்பா வேலையால் நேரத்தோடு வந்துவிட்டார். அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு வாத்தியம் எதுவும் தெரியாது. ஆனால் தவில் என்றால் பைத்தியம். தவில் மேதை தெட்சணாமூர்த்தி எங்கள் அளவெட்டியில்தான் வாழ்ந்தார். 1975இல் அவர் மறையும் வரைக்கும் அப்பா போகாத திருவிழா இல்லை. கும்பிளாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில் விடிய விடிய மேளச் சமா கேட்டுவிட்டு, நித்திரையில்லாத கண்ணோடு தோட்டத்துக்குப் போனவர். ஊரை விட்டு வெளிக்கிடும்போது அவர் எடுத்துவந்த மூன்று கசெற்றில் இரண்டு தெட்சணாமூர்த்தி. மூன்றாவதில் என்ன இருந்ததென்று எனக்கு ஞாபகம் இல்லை.

தலைப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நான் கையை நீட்டினேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். கோப்பை கழுவிக் கழுவி வெளிறிப்போன விரல்கள் தொடையில் மெல்ல மடிந்து விரிந்தன. மடித்தார், நிறுத்தினார், முதலிலிருந்து மடித்தார்.

"கொஞ்சம் பின்னுக்கு விடு."

"ஏனப்பா?"

"விடன், பாப்பம்."

பின்னுக்கு விட்டேன். திரும்பக் கேட்டார். கிற்றார் வழுக்குகிற இடம் வந்தபோது ஒற்றை விரலைத் தூக்கினார். கொஞ்சநேரத்தில் அந்த இடம் பாட்டுக்குள் மறுபடி வந்தது. விரலைத் திரும்பத் தூக்கினார்.

"இதிலை தடக்கிறமாதிரி இருக்கெல்லே? பிழைவிட்டிட்டாங்கள் எண்டுதான் நினைச்சன். திருப்பியும் அதே இடத்திலை, அதேமாதிரித் தடக்கிறாங்கள். பிழையெண்டால் ரெண்டுதரம் ஒரேமாதிரி வராது."

நான் பேசாமல் நின்றேன்.

"கணக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான்," என்றார். பிறகு எழும்பிச் சப்பாத்தைக் கழற்றினார். "எண்டாலும் உதிலை கேக்கிறதுக்கு என்ன கிடக்கு?" குளிக்கப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து தன்னுடைய கசெற்றைப் போட்டார். அப்பா அதை ரசித்தார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

நெட்டையன் வேறு விதமாக அவதிப்பட்டான். கொலிஜில் அவனைப்போல வேகமாகக் கிற்றார் வாசிக்க ஆள் கிடையாது. எதையும் ஒரு பின்னேரத்தில் காதால் கேட்டே எடுத்துவிடுவான். அந்தக் கோடையில் ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தலைப்புப் பாட்டோடு மல்லுக்கட்டினான். அவனுடைய வீட்டு நிலவறையில் நான் கட்டிலில் படுத்திருப்பேன், அவன் நிலத்தில் காலை நீட்டிக்கொண்டு, பத்து நொடி கேட்பான், வாசிப்பான், திட்டுவான். இடக்கை விரலால் தந்தியை மேலே தட்டினால் ஒரு மாதிரி வந்தது. வலக்கையைக் கிற்றாரின் பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் இன்னொரு மாதிரி வந்தது. சரியாக வரவில்லை. நாலாவது கிழமை ஒருநாள் வந்தது. எனக்குக் கேட்டது, அப்படியே அந்தச் சத்தம். அவன் சந்தோசப்படவில்லை. கிற்றாரை மடியில் வைத்தபடி பிரெஞ்சில் சொன்னான்: வாசிக்க முடியும், ஆனால் இப்படி ஒன்று ஒருவனுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதுதான் தெரியவில்லை. வேகத்தில் தோற்றிருந்தால் அவன் இன்னும் வேகமாகப் பழகியிருப்பான். இதற்கு என்ன பழகுவது?

கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். பழைய கோர்கட்ஸின் ரசிகர்கள் பெரும்பாலோர் கைகழுவினார்கள். வேண்டுமென்றே தலைகீழாக வாசிக்கிறார்கள் என்றார்கள், கேட்க முடியாத குப்பை என்றார்கள். வாத்தியம் வாசிக்கிறவர்கள் கொஞ்சப் பேர் மட்டும் சத்தம்போடாமல் அதை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்க முடியாத கட்சி. அதே நகரத்தின் கிறிப்டொப்சி 1996இல் போட்டிருந்த 'நன் சோ வைல்' எங்களுக்கு வேதமாக இருந்த நேரம். அதில் வேகமும் இருந்தது, வெறியும் இருந்தது, தலையாட்ட இடமும் இருந்தது. ஒக்ரோபரில், குளிர்காலச் சப்பாத்துக்குக் காசு தேவைப்பட்டபோது, ஏழு இறுவட்டுக்களைக் கட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மஞ்சள் கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரு டொலரைக் குறைத்தார்.

கோர்கட்ஸ் 2001இல் இன்னொரு அல்பம் போட்டது. ஹர்டல் விலகியிருந்தார், மக்டொனால்ட் திரும்பி வந்திருந்தார். 2002இல் மக்டொனால்ட் இறந்துபோனார். குழு மெல்ல மெல்ல இல்லாமல் போனது. லெமே மரவேலைக்குப் போய்விட்டார். நான் கலியாணம் கட்டி, லவாலுக்கு வீடு மாறி, கணக்கியல் படித்து, ஆண்டுக்கு நாலு மாதம் மற்றவர்களுடைய வரிப் படிவத்தில் தலையைக் கொடுக்கிறவனாகிவிட்டேன்.

என் காதை மாற்றியது 'ஒப்ஸ்கூரா' இல்லை. இதை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் அல்சரேட் என்று ஒரு குழு; 2009 வாக்கில் அதை விழுந்து விழுந்து கேட்டேன். அதைப்போல வேறு சிலரையும். உரசுகிற சுரங்கள், பிடிகொடுக்காத தாளம், நிலத்துக்கடியில் ஏதோ அசைகிறமாதிரி ஒரு கனம். அவர்களைப் பற்றி எங்கே வாசித்தாலும் கோர்கட்ஸின் பெயர் வந்து நின்றது. பேரப்பிள்ளைகளோடு பழகிப் பழகி, அப்புறம் பாட்டனைப் பார்க்கப் போனவன் நான். 2012 மே மாதம் ஸ்டீவ் ஹர்டல் இறந்த செய்தி வந்த கிழமை, மோன் றொயால் தெருவுக்குப் போனேன். நான் விற்ற கடை இல்லை. அந்த இடத்தில் சப்பாத்துக் கடை. இரண்டு தெரு தள்ளி இன்னொன்றில் ஒரு பிரதி இருந்தது, பதினெட்டு டொலர். என்னுடைய பழையதாக இருக்குமோ என்று புத்தகத்தை உருவி மூலை மூலையாகப் பார்த்தேன். கறை இல்லை.

காரில் இருந்தே கேட்டேன். பதினாலு வருடத்துக்கு முன்னால் வீட்டில் அப்பா விரல் தூக்கிய இடம் வந்தது. திரும்பவும் வந்தது. அது தடக்கல் இல்லை, படி. கால் வைக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்த பிறகு ஏறுவது ஒரு பிரச்சினையே இல்லை. எனக்குக் கோபம் வந்த அந்த மெதுவான ஆறாவது பாட்டுத்தான் இன்றைக்கு எனக்கு அந்த அல்பத்தில் எல்லாவற்றுக்கும் மேல். அதற்குக் காரணம் கேட்டால், வயது என்பதைத் தவிர என்னிடம் உருப்படியான பதில் இல்லை.

அடுத்த வருடம், 2013 இலையுதிர்காலம். லெமே புதிய ஆட்களோடு திரும்பி வந்து 'கலர்ட் சாண்ட்ஸ்' என்ற அல்பம் போட்டிருந்தார். சேர்ந்தவர்கள் எல்லாம் 'ஒப்ஸ்கூரா'வைக் கேட்டு வளர்ந்த அமெரிக்கப் பெடியள். ஒரு சனிக்கிழமை ஆப்பிள் பிடுங்கவென்று ஷேர்புறூக் பக்கம் வெளிக்கிட்டோம். மனிசியும் பிள்ளைகளும் அம்மாவும் மைத்துனரின் வானில் முன்னால் போய்விட்டார்கள். அப்பா என்னோடு. பழைய ஷம்ப்ளேன் பாலத்தில் வழக்கம்போல ஊர்வலம். செற்றில் 'ஒப்ஸ்கூரா' போய்க்கொண்டிருந்தது. அப்பா நித்திரை என்று நினைத்திருந்தேன்.

"உது முந்தி ஒருக்காப் போட்டதெல்லே?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"ஓமப்பா."

"உந்தப் பெடியள் இப்பவும் அடிக்கிறாங்களோ?"

"கிற்றார் அடிச்ச ஒராள் போன வருசம் செத்துப்போனார். முந்தி மேளம் அடிச்சவரும் இல்லை. பாடுறவர் இருக்கிறார். இடையிலை தச்சுவேலை செய்துகொண்டிருந்தவர்."

"தச்சுவேலையோ?" கண்ணைத் திறந்தார். "நல்ல தொழில்."

'க்ளவுடட்' தொடங்கியது. கார் ஊர்ந்தது. அப்பாவின் கை தொடையில் கிடந்தது. விரல்கள் மடிகின்றனவா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மடியவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பாலம் தாண்டியிருப்போம்.

"தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறை," என்றார். "முன்னாலை பொலிஸ் நிக்கிறான்."